அபிராமி என்று அழைக்கப்பட்டவள்

தமிழ்க் காதல் படங்களில் ஒரு வகை உண்டு. நாயகனின் மனத்தில் ஒரு பெண் முன்பே குடியிருக்கிறாள்; அந்த உருவத்தை ஏற்றிவைக்க அவன் ஓர் ஆளைத் தேடுகிறான். கிடைத்தவள் உருவத்தோடு பொருந்துகிறவரை ஆராதனை நடக்கிறது. பொருந்தாத நாள் வந்ததும் அவன் அவளைத் திருத்தப் பார்க்கிறான், வேவு பார்க்கிறான், தூக்கிக்கொண்டு போகிறான்; சில படங்களில் கொன்றும்விடுகிறான். ‘புதிய பறவை’ தொடங்கி ‘குணா’, ‘சேது’, ‘காதல் கொண்டேன்’ வழியாக ‘எந்திரன்’ வரை இந்தச் சரடு அறுபடாமல் வருகிறது. இவற்றுள் சில பெரும் வசூல் கண்டவை. சில, தமிழ் சினிமாவின் உச்சங்கள் என்று ரசிகர்கள் இன்றும் கொண்டாடுபவை.

இந்த வகைக்குச் சொல்லும் பாட்டும் கொடுத்தவர்களில் இருவர் ஒரே ஊர்க்காரர்கள், ஒரே பெயர்க்காரர்கள். ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த டி. எஸ். ரங்கராஜன் (1931–2013) கவிஞர் வாலி ஆனார். அதே ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்து, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்த எஸ். ரங்கராஜன் (1935–2008) சுஜாதா ஆனார். கொள்ளிடத்தைத் தாண்டினால் லால்குடி. அந்த ஊரைத் தன் பெயரின் முதலெழுத்தாக வைத்துக்கொண்ட லா. ச. ராமாமிருதம் இதே விஷயத்தை நாவலாக எழுதியிருக்கிறார். ஸ்ரீரங்கத்துக்குக் கிழக்கே, அதே தீவில், திருவானைக்காவலில் அகிலாண்டேஸ்வரி இருக்கிறாள். பெண்ணைத் தெய்வமாக்கும் படங்களைப் பேசும்போது, ஊரார் உண்மையாகவே கும்பிடுகிற ஒரு பெண் தெய்வத்தின் கதையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பல விஷயங்கள் துலங்கும்.

தமிழ் இலக்கண மரபுக்கு இந்தக் காதல் புதிதல்ல. தொல்காப்பியம் காதலை ஏழு திணைகளாகப் பிரிக்கிறது. நடுவில் நிற்கும் குறிஞ்சி முதலான ஐந்தும் இருவரும் ஒத்து விரும்பும் காதலுக்கு உரியவை. அவற்றுக்கு அன்பின் ஐந்திணை என்று பெயர். ஒரு புறம் கைக்கிளை, அதாவது ஒருவர் மட்டும் விரும்புவது. மறுபுறம் பெருந்திணை, பொருந்தாக் காதல். மடலேறுதல், வயதுப் பொருத்தம் இல்லாமை, தெளிவிழந்த காமம், காமம் மிகுந்து வலிந்து நடத்தல் ஆகியவற்றை அந்நூல் பெருந்திணையின் குறிகளாகச் சொல்கிறது. மடலேறுபவன் பனங்கருக்கால் செய்த குதிரையில் ஏறுவான், எருக்கம்பூ சூடுவான், காதலியின் உருவம் எழுதிய கிழியைக் கையில் பிடித்து ஊர்த் தெருவில் வருவான். அவள் பெயர் சந்திக்கு வரும், வீட்டார் தலை குனிவார்கள், பெண்ணைக் கொடுத்துவிடுவார்கள் என்பது கணக்கு. ‘ஏறுவேன்’ என்று சொல்வதோடு நின்றால் அது ஐந்திணைக்குள் பொறுக்கப்பட்டது; ஏறியே விட்டால் பெருந்திணை. காதலன் மிரட்டலைச் செயலாக்கும் கணத்தில் அது அன்பு என்ற கணக்கிலிருந்து வெளியேறிவிடுகிறது என்று வகுத்தவர்களுக்கு, திரைப்படம் எடுக்கும் பலரைவிடத் தெளிவு இருந்தது.

பிற்காலத்தில் திருமங்கையாழ்வார் சிறிய திருமடல், பெரிய திருமடல் என்று இரண்டு பிரபந்தங்களில் இந்த மரபைத் தலைகீழாக்கினார். மடலேறுவது பெண்ணுக்கு இல்லை என்ற வழக்கை மீறி, பெண்ணாக நின்று பெருமாளையே மடலேறுவேன் என்று மிரட்டினார். ஸ்ரீரங்கம் கோயில் மதில்களோடு அவர் பெயரும் சேர்த்தே சொல்லப்படுகிறது. ஆனால் மிரட்டப்படுபவன் எல்லாம் வல்லவன். மிரட்டுபவளிடம் அதிகாரம் எதுவும் இல்லை. திரைப்படங்களில் இந்தத் தராசு எப்போதும் மறுபக்கம் சாய்ந்திருக்கிறது.

காதலிப்பவரை உள்ளதைவிட உயர்வாகக் காண்பது இயல்பு என்பதையும் சொல்லியாக வேண்டும். பிரெஞ்சு எழுத்தாளர் ஸ்தாந்தால் 1822இல் காதலைப் பற்றி எழுதிய நூலில் சால்ஸ்பர்க் உப்புச் சுரங்கத்தை உவமையாக்குகிறார்: அங்கே போட்டுவைத்த மொட்டைக் கிளையைச் சில மாதம் கழித்து எடுத்தால், உப்புப் படிகம் பூத்து வைரம் பதித்தது போல் இருக்கும், காதலிக்கும் மனம் காதலிக்குச் செய்வதும் அதுவே. 1996இல் சாண்ட்ரா மரே, ஜான் ஹோம்ஸ் முதலான உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு, துணையைச் சற்று உயர்த்திக் காணும் தம்பதிகள் மன நிறைவோடு இருப்பதாகக் கண்டது. ஆக உயர்த்திப் பார்ப்பதில் குற்றமில்லை. உருவமும் ஆளும் மோதும்போது எது விட்டுக்கொடுக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உருவம் விட்டுக்கொடுத்தால் அது இல்லறம். ஆள் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று கட்டாயம் வந்தால் அங்கே வேறொன்று தொடங்குகிறது.

மேற்கில் இதன் மூலக்கதை ரோமானியக் கவிஞர் ஓவிட் சொன்ன பிக்மாலியன் கதை. நிஜப் பெண்களை வெறுத்த சிற்பி தந்தத்தில் ஒரு பெண்ணைச் செதுக்கிக் காதலிக்கிறான். தேவி அதற்கு உயிர் தருகிறாள். ஓவிடின் கதையில் அவளுக்குப் பெயர் கிடையாது, ஒரு வார்த்தை பேசுவதும் கிடையாது. சினிமாவில் இந்தக் கதையை மிகக் கூர்மையாகச் சொன்னது ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் ‘வெர்ட்டிகோ’ (1958). இறந்துவிட்டதாக நம்பும் காதலியைப் போன்ற முகம் கொண்ட ஒரு கடைப் பெண்ணைக் கண்டுபிடிக்கும் நாயகன், அவள் உடையை மாற்றுகிறான், செருப்பை மாற்றுகிறான், தலைமுடி நிறத்தை மாற்றுகிறான், கொண்டையைக்கூடத் தான் சொன்னபடி போடச் செய்கிறான். அவள் கெஞ்சிக்கொண்டே ஒவ்வொன்றுக்கும் இணங்குகிறாள். அந்தக் காட்சிகளைப் பார்ப்பது துன்பம். அந்தத் துன்பம் பார்வையாளருக்கு வர வேண்டும் என்று இயக்குநர் திட்டமிட்டே செய்திருக்கிறார்.

அந்தப் படத்தின் சாயலில் 1965இல் எம்.ஜி.ஆர்., சரோஜாதேவி நடித்த ‘கலங்கரை விளக்கம்’ வந்தது. உருவ ஒற்றுமையும் கலங்கரை விளக்கமும் வந்தன. நாயகனின் நோய் வரவில்லை. எம்.ஜி.ஆர். படத்துக்கு வேண்டியது சதியும் அதை முறியடிக்கும் ஆண்மகனும்தான். நோயை ஏற்றுக்கொள்ளத் துணிந்தவர் சிவாஜி கணேசன். திருச்சி சங்கிலியாண்டபுரத்தில் வளர்ந்தவர் அவர். அவருடைய சொந்த நிறுவனமான சிவாஜி பிலிம்ஸ் எடுத்து, தாதா மிராசி இயக்கிய ‘புதிய பறவை’ (1964) இந்த வகையின் முதல் பெரிய தமிழ்ப் படம்.

அதில் செல்வந்தன் கோபால், சிங்கப்பூரில் பாடகி சித்ராவைப் பார்த்து மயங்கி மணக்கிறான். சௌகார் ஜானகி நடித்த சித்ரா திருமணத்துக்கு முன் எப்படி இருந்தாளோ அப்படியே பின்னும் இருக்கிறாள்: குடிக்கிறாள், ஆடுகிறாள், பிறருடன் பழகுகிறாள். மேடையில் எதைப் பார்த்து மயங்கினானோ அதையே வீட்டுக்குள் அவனால் தாங்க முடியவில்லை. குடும்ப மானம், அப்பாவின் மரணம் என்று சேர்ந்து ஒரு நாள் ஓங்கி அறைகிறான். அவள் விழுந்து இறக்கிறாள். உடலைத் தண்டவாளத்தில் போட்டுத் தற்கொலையாக்குகிறான். இவ்வளவும் கடைசியில்தான் தெரியவருகிறது. அதுவரை பார்வையாளர் காண்பது லதாவை: அடக்கமும் இனிமையும் பாட்டுமாக, கோபால் எதையெல்லாம் விரும்புவானோ அதெல்லாமாக வந்து நிற்கும் சரோஜாதேவியை. அந்த லதா போலீஸ்காரி. அவன் கனவு கண்ட பெண் என்பதே அவனைப் பிடிப்பதற்காகப் போட்ட வேஷம். குற்றம் செய்த கணவனுக்காகப் படம் கண்ணீர் விட்டாலும், கச்சிதமாகப் பொருந்தும் காதலி நிஜத்தில் இருக்க மாட்டாள், யாராவது எழுதிக்கொடுத்துத்தான் நடிக்க வேண்டும் என்ற உண்மை கதையின் அமைப்பிலேயே பதிந்துவிட்டது.

இதன் கூடவே இன்னொரு கிளை ஓடியது: படித்த, பணக்கார, நாகரிகப் பெண்ணை அடக்கி நல்ல மனைவியாக்கும் கதைகள். பி. மாதவன் இயக்கி சிவாஜி, ஜெயலலிதா நடித்த ‘பட்டிக்காடா பட்டணமா’ (1972) இதன் உச்சம். அதில் கணவன் மனைவியைச் சாட்டையால் அடிக்கும் காட்சிக்கு அரங்கில் கைதட்டல் எதிர்பார்க்கப்பட்டது. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் அதற்குக் கிடைத்தது. ‘மன்னன்’ (1992) போன்ற படங்கள் இருபது ஆண்டு கழித்தும் அந்த விதையையே விதைத்தன. அவற்றில் உள்ளே நுழைந்து பார்க்க அதிகம் இல்லை.

உள்ளே நுழைந்து பார்த்தவர் லா. ச. ரா. 1970இல் வந்த ‘அபிதா’வில், வசதியாக வாழும் நடுவயது அம்பி பல ஆண்டுகளுக்குப் பின் தான் வளர்ந்த கரடிமலைக்குத் திரும்புகிறான். இளமையில் விரும்பிய சகுந்தலை இறந்துவிட்டாள். அவள் மகள் அபிதா இருக்கிறாள், தாயின் அச்சாக. அம்பி அந்தச் சிறு பெண்ணைப் பார்ப்பதே இல்லை. அவள் வழியாகச் சகுந்தலையைப் பார்க்கிறான், தன் இளமையைப் பார்க்கிறான், அம்பாளைப் பார்க்கிறான். நாவல் முழுவதும் அவன் மனத்துக்குள்ளிருந்தே பேசுகிறது. உபாசனை, காமம், ஞாபகம் மூன்றும் ஒரே மொழியில் உருகி ஓடுவதால் வாசகர் மயங்கிப் போகிறார். அபிதா என்ன நினைக்கிறாள் என்று கேட்கத் தோன்றும்போது பாதிப் புத்தகம் முடிந்திருக்கும். அபிதகுஜாம்பாள் திருவண்ணாமலை அம்மனின் பெயர். இருபத்தொன்பது ஆண்டு கழித்து அதே பெயர் ‘சேது’வின் நாயகிக்கு வந்தது. தமிழில் இந்த வகைக் கதைகளின் பெண்களுக்கு அம்மன் பெயர் வைக்கும் பழக்கம் தற்செயல் இல்லை.

சுஜாதாவின் வழி வேறு. அவருக்கு உபாசனை மொழியில் நாட்டம் கிடையாது. இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று கழற்றிப் பார்ப்பவர். அவருடைய ‘காயத்ரி’யை ஆர். பட்டாபிராமன் 1977இல் படமாக்கினார். ஜெய்சங்கர், ரஜினிகாந்த், ஸ்ரீதேவி நடித்தனர். புது மனைவியைத் தனி வீட்டில் வைத்து, படுக்கையறையில் அவளுக்குத் தெரியாமல் படம் பிடித்து விற்கிறான் கணவன். ரஜினி ஏற்ற பாத்திரம் அது. மனைவி வெளியே யாரிடமும் பேச முடியாது, கடிதம் அனுப்ப முடியாது, வீட்டில் இருப்பவர்கள் எல்லாரும் கணவனின் ஆட்கள். காதல் பாட்டு இல்லாமல், தெய்வப் பெயரின் மயக்கம் இல்லாமல், கட்டுப்பாடு என்பது எந்தெந்தப் பாகங்களால் ஆனது என்று காட்டியது அந்தக் கதை: தனிமைப்படுத்தல், கண்காணிப்பு, எந்நேரமும் பயம். ரகசியக் கேமரா அபூர்வமாக இருந்த காலத்தில் எழுதப்பட்டது, ஒவ்வொருவர் கையிலும் கேமரா உள்ள காலத்தில் இன்னும் கூர்மையாகப் படிக்கக் கிடைக்கிறது.

அடுத்த ஆண்டே ருத்ரய்யாவின் ‘அவள் அப்படித்தான்’ (1978) வந்தது. கமல்ஹாசன் நடித்த அருண் பெண்களைப் பற்றி ஆவணப்படம் எடுப்பவன், பெண் விடுதலையை மதிப்பவன். மஞ்சுவின் துணிச்சலை வியக்கிறான். அவளோடு நெருங்க நெருங்க அவளுடைய காயம், கோபம், முரண் எல்லாம் தெரியவர, கடைசியில் கேள்வி கேட்காத வேறொரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு வருகிறான். அடி இல்லை, பூட்டு இல்லை. நாகரிகமான ஆணும் ஓர் உருவத்தைத்தான் மதித்துக்கொண்டிருந்தான் என்பதை ஸ்ரீப்ரியாவின் மஞ்சு முகத்தில் நாம் வாசிக்கிறோம்.

இந்த எல்லா இழைகளும் வந்து சேரும் இடம் ‘குணா’. 1991 தீபாவளிக்கு, ‘தளபதி’யோடு சேர்ந்து வெளியானது. இயக்கம் சந்தான பாரதி, கதை சாப் ஜான், வசனம் பாலகுமாரன், இசை இளையராஜா, பாடல்கள் வாலி. விலைமாதர் இல்லத்தில் வளர்ந்து அந்தச் சூழலை அருவருத்து மனம் பிறழ்ந்த குணா, அபிராமி என்ற தேவதை வந்து பௌர்ணமியன்று தன்னை மணப்பாள் என்று நம்புகிறான். கோயிலில் ஒரு செல்வந்தப் பெண்ணைப் பார்க்கிறான். இவள்தான் அபிராமி என்று முடிவு செய்கிறான். அவள் பெயர் ரோகிணி. அவளைக் கடத்தி மலைக்கு, ஒரு குகைக்குக் கொண்டுபோகிறான். அவள் கத்துகிறாள், தப்பிக்கப் பார்க்கிறாள், தான் அபிராமி இல்லை என்று சொல்கிறாள். நாளாக நாளாக அவனுடைய களங்கமற்ற அன்பில் கரைந்து அபிராமியாகவே ஆகிறாள்.

கதையின் அடியில் இருப்பது அபிராமி பட்டர் வரலாறு. திருக்கடையூரில் அம்பாள் தியானத்தில் இருந்த பட்டர், மன்னர் திதி கேட்டபோது அமாவாசையைப் பௌர்ணமி என்று சொல்லிவிட்டார். தண்டனைக்கு அஞ்சாமல் அந்தாதி பாட, அபிராமி தன் தாடங்கத்தைக் கழற்றி வானில் எறிந்து நிலவாக்கினாள் என்பது தலக்கதை. உலகம் பைத்தியம் என்று சொன்னவரைத் தெய்வம் கைவிடவில்லை. குணாவின் பைத்தியத்துக்கும் அதே புனிதத்தைப் படம் தர விரும்புகிறது. இங்கேதான் கதை இடறுகிறது. திருக்கடையூர் அபிராமி தானாக மனமிரங்கித் தாடங்கத்தை எறிந்தாள். பட்டர் அவளை எங்கும் தூக்கிப் போகவில்லை. ரோகிணிக்கு அந்த வாய்ப்பு இல்லை. குகையிலிருந்து வெளியேற வழி இல்லாத பெண் ‘சரி’ என்று சொல்வதை எப்படி எடுத்துக்கொள்வது என்று படம் ஒரு முறையும் கேட்பதில்லை.

‘கண்மணி அன்போடு’ பாடலின் அமைப்பே இதைச் சொல்லிவிடுகிறது. எழுதத் தெரியாத குணா கடிதம் சொல்லச் சொல்ல, அவள் எழுதி, பாட்டாக்கிப் பாடுகிறாள். கமல்ஹாசனின் பேச்சும் எஸ். ஜானகியின் குரலும் மாறி மாறி வரும் அந்தப் பாட்டைப் போல் மென்மையான காதல் பாட்டு தமிழ் சினிமாவில் குறைவு. வாலி பேச்சு வழக்கையும் பாட்டையும் ஒரே மூச்சில் கோத்திருக்கிறார். அதன் அழகை மறுக்க முடியாது, மறுக்கவும் கூடாது. ஆனாலும் காட்சியில் நடப்பது, கடத்தியவன் தன்னைப் பற்றித் தானே எழுதும் கடிதத்துக்குக் கடத்தப்பட்டவள் எழுத்தராக இருப்பது. அவள் தன் கடிதத்தை எழுதவில்லை. பெரிய கலைஞர்கள் சேர்ந்து அழகாகச் செய்ததால்தான் இது இவ்வளவு ஆழமாக இறங்கியது. சாட்டை எடுத்த கணவனை வெறுக்க முடியும். குணாவை வெறுக்க யாராலும் முடியாது.

அகிலாண்டேஸ்வரியின் கதையை இங்கே வைத்துப் பார்க்க வேண்டும். திருவானைக்காவல் பஞ்சபூதத் தலங்களில் நீருக்கு உரியது. ஜம்புகேஸ்வரர் சன்னதியில் காவிரி நீர் ஊறிக்கொண்டே இருக்கும். அம்பாள் இங்கே தவம் செய்ய வந்தவள், நீரால் லிங்கம் செய்து வழிபட்டவள், சிவனிடம் உபதேசம் கேட்ட மாணவி. குருவும் சிஷ்யையும் என்பதால் இந்தக் கோயிலில் மற்றச் சிவாலயங்களைப் போலத் திருக்கல்யாணம் நடப்பதில்லை. அவள் உக்கிரமாக இருந்த காலத்தில் ஆதிசங்கரர் ஸ்ரீசக்கரம் பொறித்த தாடங்கங்களைச் சாத்தி, எதிரே பிள்ளையாரைப் பிரதிஷ்டை செய்து சாந்தப்படுத்தினார் என்பது ஐதிகம். தாடங்கம் பூட்டிய பிறகும் அவள் அடங்கிச் சன்னதிக்குள் உட்கார்ந்துவிடவில்லை. தினமும் உச்சிக்காலத்தில், அம்பாளின் புடவையையும் கிரீடத்தையும் அணிந்த அர்ச்சகர், மேளதாளத்தோடும் யானையோடும் அம்பாள் சன்னதியிலிருந்து புறப்பட்டு ஜம்புகேஸ்வரருக்கு அபிஷேகம் செய்து, கோபூஜையும் செய்து திரும்புகிறார். அதாவது அம்பாள் நாள்தோறும் தன் வேலையாக, தன் விருப்பத்தில், தன் சன்னதியை விட்டு வெளியே போகிறாள். அந்த நேரத்தில் பூஜை செய்யும் ஆண்தான் அவளாக மாற வேண்டியிருக்கிறது. திரைப்படம் தெய்வத்திடமிருந்து பெயரையும் அழகையும் எடுத்துக்கொண்டு, இந்த நடமாட்டத்தை விட்டுவிட்டது.

‘குணா’ திறந்துவிட்ட வழியில் வந்தவை பல. வசந்த்தின் ‘ஆசை’ (1995), மைத்துனியை அடைவதற்காக மனைவியைப் பிளாஸ்டிக் பையால் மூச்சடைத்துக் கொல்லும் ராணுவ அதிகாரியைப் பிரகாஷ்ராஜ் மூலம் காட்டியது. அங்கே பயம் பயமாகவே இருந்தது. பாலாவின் ‘சேது’ (1999) மறுபடி உருக்கத்துக்குத் திரும்பியது. தலை நிமிராத அர்ச்சகர் வீட்டுப் பெண்ணைச் சேது ஆளில்லாத இடத்துக்குத் தூக்கிப் போய்க் காதலிக்கச் சொல்லி மிரட்டுகிறான். அவள் பிறகு காதலிக்கிறாள். விக்ரமின் நடிப்பும் பின்பாதியின் துயரமும் அந்த மிரட்டலை மறக்கச் செய்துவிடுகின்றன. தொல்காப்பியர் பெருந்திணை என்று ஒதுக்கியது இங்கே அமர காதலாகிறது. செல்வராகவனின் ‘காதல் கொண்டேன்’ (2003) ஒரு படி நேர்மையானது. சிறுவயதில் வதைபட்ட வினோத், திவ்யாவைக் காட்டுக்குள் கொண்டுபோய் அவளோடு குடித்தனம் நடத்தக் கனவு காண்கிறான்; அவள் அவனைக் காதலிக்கவே இல்லை, கடைசிவரை அதை மாற்றிக்கொள்ளவும் இல்லை. மலை விளிம்பில் அவள் ஒரு கையில் அவனும் மறு கையில் அவள் காதலனும் தொங்கும்போது, வினோத் தானே கையை விடுவித்துக்கொள்கிறான்.

2017இல் தெலுங்கில் ‘அர்ஜுன் ரெட்டி’ வந்தது. கல்லூரிக்குப் புதிதாக வந்த பெண்ணைப் பார்த்த மாத்திரத்தில் தனக்குரியவள் என்று நாயகன் எல்லாருக்கும் அறிவிக்கிறான், அவளைக் கேட்கவில்லை. அதன் தமிழாக்கத்தை முதலில் பாலா ‘வர்மா’ என்று எடுத்தார். தயாரிப்பாளர்கள் அதை ஒதுக்கிவிட்டு மறுபடி எடுக்க, ‘ஆதித்ய வர்மா’ (2019) வெளியானது. இரண்டிலும் நாயகன் விக்ரமின் மகன் துருவ். ‘சேது’வை எடுத்தவரும் நடித்தவரின் மகனும் இருபது ஆண்டு கழித்து அதே வாசலில் நின்றார்கள்.

ஷங்கரின் ‘எந்திரன்’ (2010) வெளியானபோது சுஜாதா மறைந்து இரண்டரை ஆண்டு ஆகியிருந்தது. அதில் அவர் வசனப் பங்களிப்பு உண்டு. உணர்ச்சி ஊட்டப்பட்ட ரோபோ சிட்டி, தன்னை உருவாக்கியவனின் காதலி சனாவை விரும்புகிறது. அவள் நட்பு என்று சொல்வதை அதனால் புரிந்துகொள்ள முடியவில்லை. திருமண நாளில் அவளைக் கடத்தி, தன்னைப் போலவே நூற்றுக்கணக்கான ரோபோக்களைச் செய்து, கோட்டை கட்டி உட்கார வைக்கிறது. தமிழ் நாயகன் தலைமுறைகளாகச் செய்துவந்ததை ஓர் இயந்திரம் செய்ததும் அரங்கத்தில் எல்லாருக்கும் அது கொடுமை என்று தெரிந்தது. மறுப்பு என்பதை உள்வாங்கும் பாகமே இல்லாத காதலன் எப்படி இருப்பான் என்பதற்கு இதைவிடத் தெளிவான படம் தமிழில் இல்லை.

திரைக்கு வெளியே இந்தக் கட்டுப்பாட்டுக்குப் பெயரும் சட்டமும் வந்துவிட்டன. அமெரிக்க ஆய்வாளர் இவான் ஸ்டார்க் 2007இல் எழுதிய நூல், அடி உதை மட்டும் வன்முறை இல்லை என்று வாதிட்டது. யாருடன் பேசலாம், எங்கே போகலாம், என்ன உடுத்தலாம், எவ்வளவு செலவழிக்கலாம் என்று ஒருவர் மற்றவரின் அன்றாடத்தை நாள் விடாமல் நிர்வகிப்பதே அதன் மையம் என்றது. இங்கிலாந்தும் வேல்ஸும் 2015இல் இதைக் குற்றமாக்கின. இந்தியாவில் 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் உடல் வதையோடு, சொல்லாலும் மனத்தாலும் பணத்தாலும் செய்யும் வதைகளையும் வன்முறை என்கிறது. தமிழ்நாடு 1998இலேயே பெண்களைச் சீண்டுவதைத் தடுக்கத் தனிச் சட்டம் கொண்டுவந்தது. 2013இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் சேர்ந்த 354டி பிரிவு, விருப்பமில்லை என்று பெண் தெளிவாகக் காட்டிய பிறகும் பின்தொடர்வதையும், அவளுடைய இணையப் பயன்பாட்டை வேவு பார்ப்பதையும் குற்றமாக்கியது. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவு. முதல் முறை மூன்று ஆண்டு வரை, மறுபடி செய்தால் ஐந்து ஆண்டு வரை சிறை. 2016 ஜூனில் சென்னை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டபோது, விடாமல் துரத்துவதைக் காதலாகக் காட்டும் படங்கள் மீது தமிழ்நாட்டில் முதன்முறையாகப் பரவலான கேள்வி எழுந்தது. ஒரு படம் ஒரு கொலையைச் செய்வித்தது என்று சொல்ல முடியாது. ‘வேண்டாம் என்றால் இன்னும் முயற்சி செய் என்று பொருள்’ என்ற பாடத்தை நாற்பது ஆண்டு இடைவிடாமல் நடத்தியதற்கு, நடத்தியவர்கள் பொறுப்பேற்க வேண்டும்.

பிரேம்குமாரின் ‘96’ (2018) உருவத்தைச் சுமக்கும் ஆணை வேறு மாதிரி காட்டியது. பள்ளிக் காதலி ஜானுவின் நினைவை இருபது ஆண்டுக்கு மேல் வைத்துக் காக்கும் ராம், அவள் எதிரே வந்து நிற்கும்போது அவளிடம் எதையும் கேட்பதில்லை. கணவனும் குழந்தையும் இருக்கும் வாழ்க்கைக்கு அவள் திரும்பிப் போகிறாள். சுமை முழுவதும் அவனுடையது. அதை அவள் தலையில் ஏற்றுவதில்லை.

2024 பிப்ரவரி இந்தக் கதைக்கு விசேஷமான மாதம். கொடைக்கானலில் ஆங்கிலேயர் ‘பிசாசின் சமையலறை’ என்று அழைத்த குகை, 1991க்குப் பிறகு குணா குகை ஆகிவிட்டது. அங்கே 2006இல் குழிக்குள் விழுந்த கேரள இளைஞரை நண்பர் இறங்கி மீட்ட உண்மை நிகழ்ச்சியை வைத்து எடுத்த மலையாளப் படம் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ 22ஆம் தேதி வெளியாகி, தமிழ்நாட்டு அரங்குகளை நிறைத்தது. ‘கண்மணி அன்போடு’ பாடல் அதில் ஒலிக்கும்போது கடத்தல் இல்லை, குகையில் அடைபட்ட பெண் இல்லை. தோழனைத் தேடிப் பாதாளத்துக்கு இறங்கும் ஓர் ஆளின் அன்பு மட்டும் இருக்கிறது. வாலியின் பாட்டுக்கு முப்பத்து மூன்று ஆண்டு கழித்து அதற்குத் தகுதியான காட்சி கிடைத்தது.

அதே மாதம் 9ஆம் தேதி, பிரபுராம் வியாஸ் இயக்கிய ‘லவ்வர்’ வெளியானது. மணிகண்டன் நடித்த அருண், பல ஆண்டுகளாகத் திவ்யாவைக் காதலிக்கிறான். அவளுக்கு நல்ல வேலை, அவனுக்கு நிலையான வேலை இல்லை. சக ஊழியர்களோடு வெளியே போவதை அவள் அவனிடம் மறைக்கிறாள், ஏனென்றால் சொன்னால் சண்டை. மறைத்தது தெரிந்தால் அதைவிடப் பெரிய சண்டை. போனில் எங்கே இருக்கிறாய் என்ற கேள்வி, கத்தல், அழுகை, மன்னிப்பு, இனிமேல் இப்படி நடக்காது என்ற சத்தியம்; சில நாளில் மறுபடி அதே வட்டம். அருண் அரக்கன் இல்லை. பார்வையாளர் பலர் தம்மையோ தம் நண்பனையோ அவனிடம் கண்டார்கள். கேமரா அவனோடு எவ்வளவு நேரம் இருக்கிறதோ அவ்வளவு நேரம் ஸ்ரீ கௌரி பிரியாவின் திவ்யா முகத்திலும் நிற்கிறது. போன் அடிக்கும்போது அவள் எடுக்கத் தயங்கும் அந்த இரண்டு நொடிகளை முந்தைய படங்கள் எதுவும் காட்டியதில்லை. அவள் பிரிய வேண்டும் என்று கேட்கிறாள். ஒரு முறை கேட்டதும் கிடைக்கவில்லை. பல முறை கேட்க வேண்டியிருக்கிறது. முடிவில் இருவரும் பிரிகிறார்கள், அவள் பெயர் கடைசிவரை திவ்யாவாகவே இருக்கிறது.